ஜாக்கி ஒன்பதும் ஒரு வாத்தும்

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு கதவு சாத்தப்படும். சாத்துவது நான்தான். உள்ளே போய், கதிரையில் சாய்ந்து, காலைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் போட்டுக்கொண்டு, இயர்போனை இரண்டு காதிலும் செருகி, ஒரு பாட்டு அல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடுவேன். அதே போனில் போக்கர் மேசையையும் திறப்பேன். அல்பம் முடியும்போது ஆட்டமும் முடியும். ஐம்பது நிமிஷம், சில அல்பத்துக்கு ஐம்பத்தைந்து. வாரத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

சூதாட்டக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். காசு கிடையாது. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த ஆப் கொஞ்சம் சிப்ஸ் இலவசமாகக் கொடுக்கும். சாப்பிடுகிற சிப்ஸ் இல்லை, பந்தயம் வைக்கிற வட்டக் காய். நான் ஆடுவது அதிலும் ஆகக் கீழே இருக்கிற மேசை. ஆயுள் முழுக்க ஆடி ஜெயித்தாலும் ஒரு பிளேன்டீ வாங்க முடியாது. ஆனாலும் ஜெயித்தால் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது, தோற்றால் அன்றைக்கு இரவு சம்பல் காரமாகிவிடுகிறது. அதெல்லாம் காசுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

நான் நாவுலயில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாத்தளையிலிருந்து காலையில் ஒரு மணித்தியாலம் பஸ், பின்னேரம் ஒரு மணித்தியாலம் பஸ். பஸ்ஸில் பாட்டுப் போடுவது டிரைவர். அவருக்குப் பிடித்ததெல்லாம் காதலி விட்டுப்போன பாட்டு. அதையாவது முடிய விடுவாரா என்றால் இல்லை, பாதியில் மாற்றி அடுத்தவனின் காதலியையும் அனுப்பிவைப்பார். அலுவலகத்தில் பக்கத்து மேசை மிஸ் தன் மகளின் டியூஷன் வகுப்பைப் போனில் சத்தமாகப் போட்டுக் கேட்பார். மகள் படிக்கிறாளோ இல்லையோ, நான் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத்தில் நன்றாகத் தேறிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் டிவியில் செய்தி. ஒரே செய்தியை மூன்று சேனலில், இரண்டு பாஷையில் பார்ப்பார் என் வீட்டுக்காரர்.

அதனால்தான் எனக்கு ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும், அடுத்த பாட்டை அதற்கு அடுத்ததாகவே கேட்க வேண்டியிருந்தது. அல்பம் என்றால் ஒழுங்கு. மூன்றாவது பாட்டு முடிந்து நாலாவது தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று செக்கன் ஒரு சத்தமும் இருக்காது. அந்த இடத்தில் நாலாவது பாட்டின் முதல் சத்தம் மனசுக்குள் தானாக வந்து நிற்கும். அதற்காகவே நான் மூன்றாவது பாட்டைக் கேட்பதுண்டு.

என்னிடம் பிரியமான அல்பம் நாலு இருக்கிறது. எந்த அல்பத்துக்கு எப்படி ஆடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு சிங்களப் பாடகியின் பதினொரு பாட்டைப் போட்டால் பொறுமை வரும். கையில் நல்ல சீட்டு வரும்வரை கொக்கு மாதிரி இருப்பேன். வயலின் மட்டும் இருக்கிற அல்பத்துக்கு எல்லாரையும் நம்புவேன். எதிரே இருப்பவன் நிறைய வைத்தால், பாவம், உண்மையிலேயே நல்ல சீட்டு வந்திருக்கும் என்று விட்டுக்கொடுப்பேன். பைலா ஆட்டப் பாட்டுப் போட்டால் கால் ஆடும், கால் ஆடினால் விரல் சும்மா இருக்காது. இரண்டும் ஏழும் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி ஏற்றிக்கொண்டே போய், கால்மணித்தியாலத்தில் எல்லாம் தோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு இருப்பேன்.

நாலாவது, கல்யாண மேளம். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ஊஞ்சல் வரைக்கும் நாதஸ்வரமும் தவிலும். இதைக் கேட்டுக்கொண்டு சீட்டாடுவது யார் என்று கேட்டால், நான்தான். முதல் தடவை போட்ட அன்றைக்கே அது என்னைக் கவிழ்த்துவிட்டது. ஆறாவது துண்டில் மெதுவாக வாசித்துக்கொண்டே வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கெட்டிமேளம் அடித்துவிட்டார்கள். கெட்டிமேளம் கேட்டால் நமக்கெல்லாம் கை என்ன செய்யும்? பிடித்து வைத்திருக்கிற அட்சதை அரிசியை எறியும். எத்தனை கல்யாணத்தில் எறிந்த கை. என் வலது கை தானாக எழும்பி, முன்னால் போய், போன் திரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் ‘ஆல்-இன்’ பொத்தான் இருந்தது. இருந்த காய் முழுவதையும் ஒரே அடியாக வைத்துவிட்டேன். கையில் இருந்தது நாலும் எட்டும். ஒரு செக்கனில் எல்லாம் போய்விட்டது. தாலி மட்டும் யாரோ கட்டி முடித்தார்கள்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா அம்மா வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்தில் மாத்தளைக்கு வந்தவர்கள். இவர் பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, என்னைக் கட்டியது எல்லாம் இங்கேதான். பேச்சும் எங்களுடைய பேச்சுத்தான். ஆனால் ஏதாவது தோற்றுப்போனால் மட்டும் பெற்றவர்களின் யாழ்ப்பாணம் வாயில் வந்து விழும். “கோதாரி!” என்பார். அது ஏதோ பழைய கொள்ளைநோயின் பெயராம். எங்கள் வீட்டில் குடை விரியாவிட்டாலும் கோதாரி, கறியில் உப்புக் கூடினாலும் கோதாரி.

இவருக்கு 304 என்றால் உயிர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது இந்த நாட்டில் எல்லா இனமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்கிற ஒரு சீட்டாட்டம். நாலு பேர், இரண்டு சோடி, மற்றதையெல்லாம் வெட்டுகிற ஒரு துரும்பு. அதில் பெரிய சீட்டு ஜாக்கி, அதற்கு முப்பது. அடுத்தது ஒன்பது, அதற்கு இருபது. ஆஸுக்குப் பதினொன்று. ராசாவுக்கு வெறும் மூன்று, ராணிக்கு இரண்டு. இந்தக் கணக்கை முதலில் போட்டவனுக்கு வீட்டில் என்ன பிரச்சினை இருந்ததோ தெரியாது. கையில் ஜாக்கியும் ஒன்பதும் ஒரே நிறத்தில் வந்தால் இவருடைய காது சிவக்கும். நாற்பது வருஷமாக இவரோடு ஆடுகிற ஆட்களுக்கு அது தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது.

இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கூடச் சோடியாக ஆடுகிறவர் மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். மிச்சம் மூன்று பேர். மூன்று பேர் ஆடுகிற விதமும் இருக்கிறதாம், இவர்கள் அதை ஆட்டம் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் வெறுமனே கூடி உட்கார்ந்து, யாருக்குச் சீனி எவ்வளவு என்று கதைத்துவிட்டு, அதையும் விட்டுவிட்டார்கள். எங்கள் மகள் கண்டியில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். நான் நாவுலக்குப் போனால் இருட்டும் நேரம் வருகிறவள். ஆக, இவருக்குக் கதைக்க ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த ஆள் நான்.

அப்போதெல்லாம் நான் கதவைச் சாத்துவதில்லை. இரண்டாவது பாட்டில் வந்து நிற்பார்.

“இந்தா, எல்கடுவப் பக்கம் மழை இறங்குது.”

இயர்போனைக் கழற்றுவேன். “அதுக்கு?”

“இல்ல, கொடியில உடுப்பு கெடந்தா எடுக்கணுமே.”

“கொடியில உடுப்பு இல்லங்க.”

“ஆ, அப்ப சரி.”

ஐந்தாவது பாட்டில் திரும்ப வருவார். மழை எல்கடுவயோடு நின்றுவிட்டது என்று சொல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை வந்தார். நாலாவது தடவை என் கையில் இரண்டு ஆஸ் இருந்தது. போக்கரில் எல்லாருக்கும் இரண்டிரண்டு சீட்டு மறைத்துக் கொடுத்து, நடுவில் பொதுவாக ஐந்து சீட்டைத் திறப்பார்கள். மறைத்த இரண்டும் ஆஸாக வருவது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மச்சான் மாதிரி. மூன்று தடவை இயர்போனைக் கழற்றியாயிற்று, பாட்டு எங்கே நின்றது என்று எனக்கே தெரியவில்லை. இவர் வாசலில் நின்று, தேங்காய் விலை பற்றி ஏதோ தொடங்கினார். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் நேரம் போய்விட்டது. ஆடாமல் இருந்தால் ஆப் தானாகவே சீட்டை மடித்து, அந்த ஆட்டத்திலிருந்து விலக்கிவிடும். என் இரண்டு ஆஸும் மடிந்துபோனது.

“ஏங்க,” என்றேன், “கெழமைக்கு ஒரு மணித்தியாலம் நீங்க இல்லாம என்னைய இருக்க விடுங்களேன்!”

சொன்னது சொன்னதுதான். இவர் முகம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. “சரி” என்றார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். ஓங்கிச் சாத்தியிருந்தால் சண்டை போட்டுச் சரிக்கட்டியிருப்பேன். மெதுவாகச் சாத்தினவரை என்ன செய்வது?

அதற்குப் பிறகு இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அடுத்த அறையில் தன் கதிரையில் இருப்பார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நன்றாக இருந்தது. பதினொரு பாட்டையும் இடைவெளியில்லாமல் கேட்டேன். எனக்குக் கிடைத்ததை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வாத்து வந்தது.

அந்த ஆப்பில் பெயர் பதியாமல் வருகிறவர்களுக்கு எல்லாம் ‘விருந்தாளி’ என்று ஒரே பெயர், பக்கத்தில் ஒரு நம்பர், ஏதாவது ஒரு படம். எனக்குக் கிடைத்தது ஒட்டகம். மாற்றத் தெரியாமல் ஒட்டகமாகவே இருந்தேன். இந்த விருந்தாளிக்குக் கண்ணாடி போட்ட வாத்து. என் மேசையில் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது.

இப்படி ஒரு ஆட்டக்காரனை நான் கண்டதில்லை. கையில் ராசாவும் ராணியும் வந்தால் எல்லாருக்கும் திறந்து காட்டிவிட்டுச் சந்தோஷமாக எறிந்துவிடுவான். மற்றவர்கள் கடைசியில் காட்டும்போது, ஐயோ அதை வைத்திருக்கலாமே என்று ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் ஜாக்கியும் ஒன்பதும் வந்துவிட்டால் போதும், வீடு வாசலை எழுதிவைப்பான். எதிரே ஆஸ் சோடி இருந்தாலும் சரி, மலையே இருந்தாலும் சரி, ஆல்-இன். போக்கரில் ஜாக்கி ஒன்பது ஒரு நடுத்தரமான சீட்டு, நடந்தால் நடக்கும். அதற்கு உயிரைக் கொடுக்க வேண்டிய தேவையில்லை.

முதல் நாளே பிடித்துவிட்டேன். உலகத்தில் ஜாக்கியும் ஒன்பதும் பெரிது என்று நினைக்கிற ஒரே சாதி 304 ஆடுகிற சாதி. வாத்து நம்ம நாட்டு ஆள். எங்கோ குருணாகலிலோ மட்டக்களப்பிலோ ஒரு மனுசன், ஆட்டம் மாறினது தெரியாமல் பழைய கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேசையில் இருப்பவர்கள் மேல் எறிவதற்கு அந்த ஆப்பில் தக்காளி, முட்டை, செருப்பு, ரோசாப்பூ எல்லாம் இருக்கிறது. நான் வாத்தின் மேல் தக்காளி எறிந்தேன். அன்றைக்கு ஐந்து தக்காளி.

வாத்து பதிலுக்கு ஒரு ரோசாப்பூ எறிந்தது.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது இவரிடம் சொன்னேன். கதவு விஷயத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுக் கொஞ்சம் குறைந்திருந்தது, இது ஒரு நல்ல சாக்காக இருந்தது.

“ஒரு மடையன் வந்திருக்கான்ங்க என் மேசைக்கு. ஜாக்கி ஒம்பது வந்தா கண்ணு மண்ணு தெரியாம வைக்கிறான்.”

இவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தார். “ஜாக்கி ஒம்பது நல்ல சீட்டுத்தானே.”

“304லங்க! இது போக்கர்.”

“ஆ.” பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டியால் தேடினார். “பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ.”

“அதோட எனக்கு ரோசாப்பூ வேற எறியிறான், வழிஞ்சுக்கிட்டு.”

“பொத்தான் மாறி அமத்தியிருப்பான்,” என்றார் இவர், பிஸ்கட்டைத் தேடிக்கொண்டே.

அதன்பிறகு வாத்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இரண்டு மணிக்கு நான் உட்கார்ந்தால் இரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு அது உட்காரும். நான் அதன் காயை உருவிக்கொள்வேன், தக்காளி எறிவேன், அது ரோசாப்பூ எறியும். தேத்தண்ணி நேரத்தில் வாத்தின் முட்டாள்தனத்தை ஒன்று விடாமல் இவரிடம் சொல்வேன். கல்யாண மேளத்தில் கை தானாக எறிந்த கதையையும் சொன்னேன். அதற்கு மட்டும் இவர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். நாங்கள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அந்த வாத்து நல்ல வாத்து என்றுகூட எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. காதில் பாட்டு இருந்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் எதுவும் கேட்காது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று செக்கனில் மட்டும் கேட்கும்.

அன்றைக்குச் சிங்களப் பாடகி. மூன்றாவது பாட்டு முடிகிற நேரம் வாத்து ஜாக்கி ஒன்பதைக் காட்டி, என் ஆஸிடம் தோற்றது. பாட்டு நின்றது. நாலாவது பாட்டின் முதல் சத்தத்துக்காக மனசு காத்திருந்தது. அந்த இடத்தில் சுவருக்கு மேலால் ஒரு சத்தம் வந்தது.

“கோதாரி!”

கிரிக்கெட் பார்க்கிறார் போல என்று நினைத்தேன். நாலாவது பாட்டு தொடங்கிவிட்டது.

ஆனால் டிவி சத்தம் கேட்கவில்லையே என்பது எட்டாவது பாட்டில்தான் உறைத்தது. விரல் நின்றுவிட்டது. பாட்டையும் நிறுத்தினேன். அல்பத்தை நானாக நடுவில் நிறுத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மூச்சு விடாமல் இருந்து, அடுத்த ஆட்டத்தில் வாத்தோடு மோதி, ஜெயித்தேன்.

“கோதாரி!” என்றது சுவர்.

அப்போதும் நம்பவில்லை. அரசாங்க வேலை, மூன்று பிரதியும் ஒரு அத்தாட்சியும் இல்லாமல் எதையும் நம்ப மாட்டோம். காத்திருந்தேன். பக்கத்து அறையில் கதிரை அசைந்தது, செருப்புச் சத்தம் குசினிக்குப் போனது, குழாய் திறந்தது. திரையில் வாத்தின் நேரம் குறைந்து குறைந்து முடிந்து, சீட்டு தானாக மடிந்தது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கதிரை அசைந்தது. வாத்து உயிர்த்து, எனக்கு ஒரு ரோசாப்பூ எறிந்தது.

இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் எனக்கு ஒரு பூ வாங்கிக் கொடுக்காத மனுசன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கதவைச் சாத்தி, காதையும் சாத்தி, நான் தனியாக இருந்ததாக நினைத்த ஐம்பது நிமிஷம் முழுவதும் இந்த ஆள் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்! தேத்தண்ணி நேரத்தில் அவரைப் பற்றி அவரிடமே மடையன் என்று சொல்ல வைத்திருக்கிறார்! பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ என்று பரிந்து பேசினது தனக்காகத்தான். அன்றைக்குப் பின்னேரம் நான் வாத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இவர் இரண்டு தடவை “இன்னைக்கு அந்தாள் வரலையா?” என்று கேட்டார். வந்தான் என்றேன்.

அடுத்த நாள் நாவுல பஸ்ஸிலிருந்தே மகளுக்குப் போன் எடுத்தேன். என் போனில் அந்த ஆப்பைப் போட்டுத் தந்தவள் அவள்தான். இவருக்கு யூடியூபைத் தவிர வேறொன்றும் திறக்கத் தெரியாது. பாட்டில் டிரைவரின் காதலி விட்டுப் போய்க்கொண்டு இருந்தாள்.

“அப்பாவுக்கு நீயா போட்டுக் குடுத்த?”

“கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“என் மேசைக்கு வர்றதுக்கும் நீயா காட்டிக் குடுத்த?”

“உங்க நம்பரப் போட்டா நேரா உங்க மேசைக்கே போகலாம்மா. அப்பாதான் கேட்டாங்க.”

“என்னன்னு கேட்டாரு?”

“அம்மாவுக்குத் தொந்தரவு இல்லாம, கதவத் தட்டாம உள்ள போறதுக்கு ஏதும் வழி இருக்கான்னு கேட்டாங்க.”

நான் போனை வைத்துவிட்டேன். பஸ் பாட்டுக்கு நான் ஒருநாளும் அழுததில்லை. அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா எனக்கு ஒரு டொஃபி கொடுத்தார். டிரைவரின் பாட்டுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குள் வழக்கு நடந்தது. கதவைத் திறந்து, வாங்க, பக்கத்தில் இருங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் எல்கடுவ மழை திரும்பி வரும், தேங்காய் விலை வரும், என் பாட்டு ஒன்றும் முடியாது. எனக்கு அந்த ஐம்பது நிமிஷத்தை விட மனசில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொன்னாலும் சரி, மனசில்லை. சொல்லாமல் விட்டால், சொந்த வீட்டில் விருந்தாளி என்று பெயர் வைத்துக்கொண்டு, தக்காளி வாங்கிக்கொண்டு ஒருவர் அடுத்த அறையில் இருப்பார். அதற்கும் மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோறு சாப்பிட்டோம். இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினேன். கல்யாண மேளத்தைப் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பு காதில் தொடங்கியது. வாத்து வந்து உட்கார்ந்தது. முதல் கை, இரண்டாவது கை. தக்காளி எறிய விரல் போய், திரும்பி வந்தது.

பிறகு போனிலிருந்து இயர்போன் வயரை உருவிவிட்டேன்.

பெரிய யோசனை ஒன்றும் இல்லை. கதவைத் திறக்க முடியவில்லை, சுவருக்கு மேலே ஒரு முழம் திறந்துதானே இருக்கிறது, பாட்டாவது போகட்டும் என்று நினைத்தேன். நாதஸ்வரம் அறையை நிறைத்து, கூரையைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கியது. பக்கத்து அறையில் கதிரை சத்தம் போட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திரையில் வாத்தும் அசையவில்லை. தன்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்திருப்பார். அல்லது பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

மேசையில் ஐந்து பேர். எனக்கு இரண்டும் ஏழும் வந்தது. போக்கரில் அதைவிடக் கேவலமான சீட்டு கிடையாது. மடிக்கத்தான் போனேன். சத்தியமாக மடிக்கத்தான் போனேன். நான் மறந்துபோனது என்னவென்றால், அது ஆறாவது துண்டு.

கெட்டிமேளம்.

கை எழும்பியது, போனது, விழுந்தது. ஆல்-இன்.

ஒருவன் மடித்தான். இரண்டாவது ஆள் மடித்தான். மூன்றாவது ஆளும் மடித்தான். இப்போது வாத்தின் முறை. அதன் தலைக்கு மேலே நேரம் ஓடத் தொடங்கியது. வீடு முழுக்கத் தவில் அடிக்கிறது. வாத்து வைக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. ஒரு ரோசாப்பூ பறந்து வந்து என் ஒட்டகத்தின் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து. கெட்டிமேளம் அடிக்க அடிக்க, அந்தப் பக்கத்துக் கையும் அரிசி எறிகிற மாதிரி எறிந்துகொண்டே இருந்தது. ஒட்டகம் தெரியவில்லை. மேசை தெரியவில்லை. திரை முழுக்க ரோசாப்பூ. பொத்தான் மாறி அமத்தினதாம்!

மேளம் நின்றது. வாத்தின் நேரமும் முடிந்திருந்தது. சீட்டு தானாக மடிந்து, மேசையில் இருந்த காய் எல்லாம் என் பக்கம் வந்தது.

“கோதாரி!” என்றது சுவர். “ஜாக்கி ஒம்பது! கிளாவர் ஜாக்கி, கிளாவர் ஒம்பது!”

நான் சிரித்த சிரிப்பில் போன் மடியிலிருந்து விழுந்துவிட்டது. எடுக்கவில்லை. எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். இவர் அந்தப் பக்கம் கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். கையில் போன், திரையில் வாத்து, இரண்டு காதும் செக்கச் சிவப்பு.

“என்கிட்ட இருந்தது ரெண்டும் ஏழுங்க,” என்றேன்.

“ரெண்டும் ஏழுமா? கோதாரி!”

உள்ளே தரையில் கிடந்த போனில் அடுத்த துண்டு தொடங்கியது. நான் வழி விட்டு விலகி நின்றேன். இவர் நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே இருந்தார். எங்கள் வீடு, எங்கள் அறை, அங்கே இருக்கிற கட்டில்கூட இவர் பி.எஃப். காசில் வாங்கியது.

“ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்க.”

இவர் எட்டி என் போனைப் பார்த்தார். “இன்னும் அல்பம் முடியலையே,” என்றார்.